பொய்ப் புழு

மீன் பிடிக்கிறவன் சோம்பேறி என்பது நம் பக்கத்து ஊர்களில் நெடுநாளாக நிலைத்துவிட்ட அபிப்பிராயம். கண்மாய்க் கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு, தக்கை அசைகிறதா என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே பாதி நாளைத் தூங்கிக் கழிப்பவனைக் கண்டால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? நாமும் சிறு பிராயத்தில் மூங்கில் கோலும் கையுமாக அவ்விதம் உட்கார்ந்தவர்தாம். ஈர மண்ணைக் கிளறி எடுத்த நாங்கூழைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு எடுத்துக்கொண்டு போவோம். அது தண்ணீருக்குள் நெளியும். அதன் வாசனை பரவும். கெளுத்தி தானாக வந்து விழுங்கும். உள்ளதைச் சொல்வதானால், அந்தக் காரியத்தில் பாடுபட்டது நாம் அல்ல, நாங்கூழ்தான்.

ஆனால், நெளியாத, மணக்காத, உயிரே இல்லாத ஒரு புழுவைக் கொண்டு மீன் பிடிக்க வேண்டுமென்றால்? அப்போது புழுவின் வேலையையும் மனிதனே சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிறது. அமெரிக்கர்கள் முக்கால் நூற்றாண்டாக இந்த வேலையைப் பார்த்து வருகிறார்கள். 2023ஆம் வருஷம் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், டெக்ஸாஸ் ராஜ்யத்தின் டல்லஸ் நகரத்தில் வசிக்கும் நம் தமக்கையின் புதல்வனுடைய இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஆறு நாட்கள் இந்த வித்தையை அருகிலிருந்து பார்க்கவும், ஓரளவு கையால் செய்து பார்க்கவும் நமக்குச் சந்தர்ப்பம் வாய்த்தது. சோம்பேறிக்கு ஏற்ற வேலை அது அல்லவே அல்ல.

அங்கே எல்லோரும் தேடிப் போகும் மீனுக்குப் பெரியவாய்ப் பாஸ் என்று பெயர். பெயரில் பாஸ் இருந்தாலும், கடலில் வாழும் உண்மையான பாஸ் மீன்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஸன்பிஷ் என்று அவர்கள் சொல்லும் நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது இது. முதுகு கரும்பச்சை, விலாவில் கறுப்புப் பட்டை, வாயை மூடினால் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நம் நாட்டு வாசகர்களுக்கு இதன் சுபாவம் விளங்க வேண்டுமானால், விராலை நினைத்துக்கொண்டால் போதும். குலத்தால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, குணத்தால் பங்காளிகள். இரண்டும் பாசியிலும் மரத்தடியிலும் ஒளிந்திருந்து, அருகில் வருவதைச் சட்டென்று கவ்வுகிறவை. இரண்டிலும் தகப்பன் மீன் குஞ்சுகளைக் காவல் காக்கும்.

பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைத் திடீரென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. வாய்க்குள் போனது கட்டையாகவோ உலோகமாகவோ இருந்தால் அந்தக் கணமே வெளியே துப்பியும் விடுகிறது. பழைய மரப் பொம்மை மீன்களைக் கட்டித் தூண்டில் போட்டவர்களுக்கெல்லாம் இதுதான் இடைஞ்சல். மீன் கவ்வியதை அறிந்து கோலைத் தூக்குவதற்குள் அது துப்பிவிட்டுப் போயிருக்கும்.

இந்த இடைஞ்சலுக்கு மாற்று கண்டுபிடித்தவர் ஒஹாயோ ராஜ்யத்து ஆக்ரன் நகரத்தில் யந்திரத் தொழிலாளியாக இருந்த நிக் கிரீம் என்பவர். அவரும் அவருடைய மனைவி காஸ்மாவும் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக் குழம்பைக் காய்ச்சி, எண்ணெயும் சாயமும் கலந்து, புழுவைப் போலச் செய்த அச்சில் வார்த்துப் பார்த்தார்கள். அடுப்பங்கரையில் அந்த நாற்றத்தைச் சகித்துக்கொண்ட அம்மையாரையும் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகச் சேர்ப்பதே நியாயம் என்பது நமது கருத்து. 1949இல் அவர்கள் அந்தப் புழுவைத் தபால் மூலம் விற்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களுடைய தொழில் டெக்ஸாஸில் உள்ள டைலர் என்ற ஊருக்குப் பெயர்ந்தது.

இப்புழுவின் உருவத்தைக் காட்டிலும் முக்கியமானது இதன் மென்மை. வாய்க்குள் போனதும் அது சதையைப் போல நசுங்குகிறது. மீனுக்குச் சந்தேகம் வரவில்லை. சற்று நேரம் வாயிலேயே வைத்திருக்கிறது. இக்காலத்துப் புழுக்களில் உப்பையும் கலக்கிறார்கள். மீன் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது எண்ணம். ஆகவே, மென்மை மனிதனுக்கு அவகாசத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. இந்த அவகாசத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தொல்லையெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

நம் மருமான் எங்களை அழைத்துப் போனது, டல்லஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேர மோட்டார்ப் பிரயாணத்தில் உள்ள ஃபோர்க் ஏரிக்கு. இயற்கை ஏரி அல்ல. 1980இல் கட்டி முடிந்த அணையால் உண்டான நீர்த்தேக்கம். சுமார் 27,000 ஏக்கர் பரப்பு. அணை கட்டியபோது காட்டை முழுவதும் வெட்டாமல் விட்டதனால், பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்வைக்குச் சுடுகாடு போல இருக்கிறது; பாஸுக்கோ அதுதான் அரண்மனை. சாதாரணத் தூண்டில் முள்ளை அந்தக் கிளைகளுக்குள் வீசினால் மீன் வராது, மரம்தான் வரும்.

இதற்காக ஏற்பட்டதே டெக்ஸாஸ் கட்டு. முதலில் நரம்பில் துப்பாக்கி ரவையைப் போன்ற கூர்மூக்கு எடையைக் கோக்க வேண்டும். அது நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். கால் அவுன்ஸ் எடை பெரும்பாலும் போதும். முன்பெல்லாம் ஈயம், ஈயத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாவதனால் வடகிழக்கு ராஜ்யங்கள் சிலவற்றில் சிறிய ஈயக்குண்டுகளைத் தடுத்துவிட்டார்கள். இப்போது டங்ஸ்டன் வந்திருக்கிறது. விலை அதிகம், ஆனால் அதே எடைக்கு உருவம் சிறியது, அடித்தரையின் கல்லையும் மண்ணையும் விரலுக்குப் பிரித்துச் சொல்லும். அடுத்தபடியாக, கழுத்து வளைந்த பெரிய முள்ளை முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஏழு அங்குலப் புழுவுக்கு 3/0 அல்லது 4/0 எண் முள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்காவிட்டால் உராய்ந்த சூட்டில் நரம்பு பலம் இழக்கும்.

இனிமேல்தான் கைத்திறம். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் கால் அங்குலம் நேராகக் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, தலையை முள்ளின் கழுத்து வரையில் ஏற்ற வேண்டும். பிறகு முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்து, நுனி எங்கே வந்து முட்டுகிறது என்று அளந்து பார்த்து, அந்த இடத்தில் புழுவின் உடலுக்குள்ளே நுனியை மறைத்துவிட வேண்டும். புழு நூல் பிடித்தாற்போல் நேராகத் தொங்க வேண்டும். கோணினால், இழுக்கும்போது பம்பரமாய்ச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். முள் உள்ளே மறைந்திருப்பதால் கிளையிலும் பாசியிலும் மாட்டாமல் நழுவி வருகிறது. மீன் கவ்வியதும் கோலைச் சுண்டி உயர்த்தினால் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு நுனி வெளிப்படுகிறது. இதைக் கற்றுக்கொள்ள நமக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நம் மருமானின் மகள், பதினொரு வயதுச் சிறுமி, இரண்டு நிமிஷத்தில் மூன்று புழுக்களைக் கோத்து வைத்துவிட்டு, “தாத்தா, இன்னும் ஆகவில்லையா?” என்று கேட்டாள். நாற்பத்தெட்டு வயதில் தாத்தா என்று அழைக்கப்படுவதன் துயரத்தை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

கோல் ஏழு அடி. நுனி கொஞ்சம் வளைய வேண்டும், அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். நரம்பு பதினைந்து ராத்தல் தாங்கும் ஃபுளோரோகார்பன். அது தண்ணீரில் மூழ்கும். நரம்பு சுற்றும் ரீலைப் பற்றி ஒரே வார்த்தை: வீசும்போது கட்டைவிரல் அதன் மேல் காவலிருக்காவிட்டால், அரைக் கணத்தில் நரம்பெல்லாம் சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். நிறங்களைப் பற்றிக் கடைக்காரர்கள் ஒரு புராணமே பாடுவார்கள். தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் என்ற இரண்டு விதிகளோடு திருப்தியடைவது பணப்பைக்கு நல்லது.

மரத்தடியில் வீசிய புழு, தரையைத் தொடும்வரையில் இறங்கிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேற்பட்ட மீன்கள் அந்த இறக்கத்திலேயே கவ்வுகின்றன என்று மருமான் தன் அனுபவத்தில் சொன்னான். அப்போது நரம்பை இறுக்கிப் பிடித்தால் புழு இயல்பாக இறங்காது. முழுதும் தளர்த்திவிட்டால் கவ்வியது தெரியாது. தளர்ந்தும் தளராமலும் விட்டுக்கொண்டு நரம்பைக் கண்ணால் தொடர வேண்டும். தரை தொட்டதும் கோலின் நுனியை மெள்ள உயர்த்தினால் புழு ஓரடி துள்ளும். பிறகு நுனியைத் தாழ்த்தி, அதைத் திரும்ப விழ விட்டு, சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருத்தல்தான் கடினம். ஐந்து எண்ணுவதற்குள் நம் கை துறுதுறு என்கிறது. மருமானோ பதினைந்து எண்ணுவான்.

“மாமா, நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். கல் தட்டினால் கடகட என்று தெரியும். மரம் தட்டினால் மந்தமாக இருக்கும். மீன் தட்டினால்...”

“எப்படி இருக்கும்?”

“நாடியில் ஒரு துடிப்பு மாதிரி, மாமா. வந்தால் தெரிந்துகொள்வீர்கள்.”

வந்தது, தெரிந்துகொண்டோம். சில சமயம் அந்தத் துடிப்பும் இருக்காது. நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். சில சமயம் எடையே காணாமற்போய், கோலின் முனையில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். மீன் புழுவை எடுத்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். உடனே கோலைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றியெடுத்து, உயர்த்திச் சுண்ட வேண்டும். மீன் நன்றாக விழுங்கட்டும், ஓட விடு, அப்புறம் இழு என்று சொன்ன காலமும் ஒன்று இருந்தது. இன்று அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காரணம் பிறகு வருகிறது.

வேறு கட்டுகளும் உண்டு. எடையை முன்னால் விட்டு, இரண்டு மூன்று அடி பின்னால் புழுவை மிதக்க விடுவது கரோலினா கட்டு. ஆழமான இடத்தில் அதிகத் தரையைத் துழாவ உதவும். புழுவின் நடு இடுப்பில் முள்ளைக் குத்தி, எடையே இல்லாமல் இரு முனையும் ஆட இறங்க விடுவது இன்னொரு விதம். இதற்குக் ‘கிறுக்குக் கட்டு’ என்று பொருள்படும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். காரி யமமோட்டோ என்பவரின் ஸெங்கோ என்ற குச்சி போன்ற புழு இதற்குப் பேர் பெற்றது. வால் இல்லை, கால் இல்லை, அலங்காரம் ஒன்றும் இல்லை. உப்பின் கனத்தால் மெதுவாக நடுங்கிக்கொண்டே இறங்குகிறது. அதைப் பார்த்து எந்த மீன் ஏமாறும் என்று நினைத்தோம். எல்லா மீனும் ஏமாறுகிறது.

புழுப் பிரியர்களின் கர்வத்தைக் கொஞ்சம் அடக்க ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டெக்ஸாஸ் ராஜ்யத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 ராத்தல், 1992 ஜனவரியில் இதே ஃபோர்க் ஏரியில்தான் அகப்பட்டது. அதைப் பிடித்த பாரி ஸெயின்ட் கிளேர் அன்று பாஸைத் தேடியே போகவில்லை. வேறொரு சிறு மீனுக்காக உயிருள்ள பொடி மீனைக் கட்டிப் போட்டிருந்தார்! உலக சாதனையோ இரண்டு பேருக்குச் சொந்தம். 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா ராஜ்யத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 ராத்தல் 4 அவுன்ஸ். பஞ்ச காலத்தில் அகப்பட்ட அந்த மீனை அவர் வீட்டார் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸ் கூட முழுசாக அதிகமில்லாததால், விதிப்படி இருவருக்கும் சமபங்கு கொடுத்தார்கள்.

சாப்பிட்டது பெர்ரியின் காலத்து வழக்கம். 1967இல் அர்க்கன்ஸா ராஜ்யத்தில் பாஸ் பந்தயத்தைத் தொடங்கிய ரே ஸ்காட், 1972இல் பிடித்த மீனைக் கொல்லாமல் தண்ணீரில் விடும் வழக்கத்தைப் பந்தயங்களில் புகுத்தினார். இன்று பாஸ் பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மீனை அளந்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். ஃபோர்க் ஏரியிலோ அது சட்டமும் ஆகும். 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பெரியவாய்ப் பாஸை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறியவற்றைக் கொஞ்சம் குறைத்து, நடுத்தரமானவற்றை வளர விட்டால்தான் பேருருவங்கள் உண்டாகும் என்பது இதன் தாத்பர்யம்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு, எங்கள் படகுக்கு எதிரே பட்டமரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு வந்து உட்கார்ந்தது. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போட்டிருந்தது இடுப்பில் குத்திய எடையில்லாத புழு. அவளுடைய நரம்பு மெதுவாக இடப்புறம் நடக்க ஆரம்பித்ததை முதலில் கண்டவன் மருமான்.

“இழு, அம்மா, இழு!”

இழுத்தாள். மீன் அதிகம் போராடாமல் வந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தால் உதட்டில் முள் இல்லை, நாக்கில் இல்லை. நரம்பு மட்டும் தொண்டைக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. செவுளிலிருந்து இரத்தம் கசிந்தது. புழு சதையைப் போல் இருந்ததனால் மீன் துப்பவில்லை. யாரும் இழுக்காததனால் விழுங்கிவிட்டது. மென்மை சம்பாதித்துக் கொடுக்கும் அவகாசம் என்று முன்னே சொன்னோமே, அதை மனிதன் உபயோகிக்காவிட்டால் இப்படி மீனின் உயிரிலிருந்து கழித்துக்கொள்கிறது.

செவுள் வழியாக முள்ளைத் திருப்பி எடுக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் இரத்தம் வந்துகொண்டிருந்த இடத்தில் கை வைக்க மருமான் விரும்பவில்லை. ஆழத்தில் இறங்கிவிட்ட முள்ளைப் பிடுங்குவதைவிட, நரம்பை ஒட்ட நறுக்கிவிட்டால் மீன் பிழைக்க வழி அதிகம் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் யோசனை. நறுக்கினான். அளவு பலகையில் பதினெட்டு அங்குலம். இரு கையாலும் நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரில் விட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செவுள் இரண்டு முறை திறந்து மூடிற்று. பிறகு மரத்தின் நிழலுக்குள் சரிந்து மறைந்தது.

“தாத்தா, அது செத்துப்போகுமா?”

“போகலாம், அம்மா.”

“சாகப்போகிற மீனை ஏன் திரும்ப விட வேண்டும்? அப்பா சமைத்திருக்கலாமே. வீணாய்ப் போகிறதே!”

மருமான் பதில் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவர் என்ற முறையில் நாம் முயற்சி செய்தோம். செத்துக்கொண்டிருக்கும் மீனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் எழுதினால், இந்த ஏரியில் அகப்படும் மீனெல்லாம் செத்துக்கொண்டேதான் அகப்படும் என்றோம். அவளுக்குப் புரிந்தது, ஆனால் சமாதானம் ஆகவில்லை. அடியில் ஆமைகள் இருக்கின்றன, கெளுத்தி இருக்கிறது, ஒன்றும் வீணாகாது என்று சொல்லிப் பார்த்தோம். அதை அவள் கேட்டுக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பிடித்ததை விட்டுவிடுவதனாலேயே இந்த விளையாட்டு இரத்தமில்லாத விளையாட்டாகிவிடும் என்று நினைப்பவர்கள் அங்கே பலர். நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. பிடித்துத் தின்பவனுக்குப் பசி என்ற நியாயமாவது உண்டு. பிடித்து விடுகிறவனுக்கு அதுகூட இல்லை. ஆகவே, அவன்தான் மற்றவனைவிட அதிகமாகக் கண்ணை நரம்பின் மேல் வைத்திருக்கக் கடமைப்பட்டவன். எதற்கு விடுகிறோம் என்பதும் தேசத்துக்குத் தேசம் மாறுகிறது. இதே பாஸை 1925இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். அது அந்நாட்டு நீர்நிலைகளில் பரவிச் சுதேச மீன்களைத் தின்று தீர்த்ததால், பிவா ஏரி உள்ள ஷிகா பிரதேசத்தில் 2003 முதல், பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடுவதுதான் குற்றம். டெக்ஸாஸில் விடாவிட்டால் அபராதம். அங்கே விட்டால் தவறு. மீன் ஒன்றுதான்.

மறுநாள் மருமான் மகளுடைய தூண்டிலை மாற்றிக் கட்டினான். எடையில்லாமல் மெதுவாக இறங்கும் புழுவைத்தான் மீன்கள் அதிகம் விழுங்குகின்றன என்பதால் அதை எடுத்துவிட்டு, கால் அவுன்ஸ் எடையுடன் டெக்ஸாஸ் கட்டைக் கொடுத்தான். இடுக்கியால் முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கித் தட்டையாக்கினான். தூரத்தில் வீச வேண்டாம், பதினைந்து கஜத்துக்குள் வீசு என்றான். நரம்பு குறுகினால் துடிப்பு சீக்கிரம் எட்டும். குழந்தை அன்று முழுவதும் ஆள்காட்டி விரலை நரம்பிலிருந்து எடுக்கவில்லை. ஏழு மீன் பிடித்தாள். ஏழும் மேலுதட்டில் மாட்டியவை. கொக்கு வந்தது, அதை நாம்தான் பார்த்தோம்.

இன்னொரு விஷயமும் எழுதியாக வேண்டும். நாங்கூழ் செத்தால் மண்ணாகும். பொய்ப் புழு ஆகாது. அது பாலிவினைல் குளோரைடு தூளை ஒரு நெகிழெண்ணெயில் கலந்து காய்ச்சி வார்த்த பண்டம். தண்ணீரில் கிடந்தால் மக்காமல் ஊறிப் பருக்கிறது. கிழிந்து கழன்ற புழுக்களை மீன்கள் பொறுக்கி விழுங்குவதும் உண்டு. அவற்றின் வயிற்றில் அது செரிக்காமல் தங்குகிறது. 2013இல் மெயின் ராஜ்யத்துச் சட்டசபையில் இவ்வகைப் புழுக்களையே தடுத்துவிடலாமா என்று மசோதா வந்து, கடைசியில் விஷயத்தை ஆராய்ந்து பார்க்கச் சொல்லி முடிந்தது. மக்கும் பண்டங்களால் செய்த புழுக்களும் கடைகளில் கிடைக்கின்றன. விலை கூடுதல், டப்பியைத் திறந்து வைத்தால் காய்ந்து கட்டையாகிவிடும். கிழிந்த பழைய புழுக்களைச் சேர்த்து உருக்கி மறுபடி வார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மருமான் இதற்காகப் படகில் ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவை வைத்திருக்கிறான். புறப்படும்போது எத்தனை புழு, திரும்பும்போது எத்தனை என்று கணக்குப் பார்ப்பது மகளுடைய உத்தியோகம்.

ஆறாம் நாள், வெயில் ஏறிப் படகைக் கரைக்குத் திருப்பியபோது அவள் மொத்தக் கணக்கையும் படித்தாள். எடுத்துப் போனவை நாற்பது. புதிதாக மிச்சம் பதினாறு. டப்பாவில் கிழிந்தவை பதினேழு. மரக்கிளைகளில் மாட்டி நரம்பறுந்து போனவை ஆறு. ஒன்று அந்தப் பதினெட்டு அங்குல மீனிடம்.